செய்தியைக் காணோம்!

அனுப்பிரியாவின் வீட்டுக்குப் புது டிவி வந்து நான்கு நாள் ஆகிவிட்டது. நான்கு நாளாக அவளுடைய அப்பா அன்புமணி ஒரே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"படம்னா இதுதான் படம்! என்னா க்ளியர், என்னா கலர்!"

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவருக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்கு வந்த வக்கீல்களிடம் சொன்னார். டீ கொண்டுவந்தவரிடம் சொன்னார். சிதம்பரத்தில் இருக்கும் அறிவழகன் மாமாவிடம் போனிலும் சொன்னார். மாமா, அனுவின் அம்மாவுக்குத் தம்பி.

"ஞாயித்துக்கெழம வரேன் மச்சான். நேர்லயே பாத்துடுறேன்," என்றார் மாமா.

அனுவுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. அப்பா சொல்வதுபோல் படம் அவ்வளவு நன்றாகவா இருக்கிறது? விளம்பரத்தில் வரும் அக்காவின் முகம், மஞ்சளை அரைத்துப் பூசியதுபோல் இருந்தது. பகலில் பார்த்தால் இன்னும் மோசம். எதிர்வீட்டு மாடியில் காயும் லுங்கி டிவிக்குள் தெரிந்தது. காற்றடித்தால் அந்த அக்காவின் தலைக்கு மேலே லுங்கி ஆடியது.

'அப்பா நல்லா இருக்குன்னுதானே சொல்றாரு? ஒருவேளை என் கண்ணுலதான் கோளாறோ?' என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி அரை நாள்தான். மதியம் ஒரு மணிக்கு அனு வீட்டு வாசலுக்கு வந்தபோது, உள்ளே அப்பா கத்துவது கேட்டது.

"செய்தி! செய்தி! அட, செய்திங்கிறேன்!"

அனு எட்டிப் பார்த்தாள். அப்பா மடியில் சாப்பாட்டுத் தட்டு. சொன்னதைத் தேடித் தரும் புது ரிமோட்டை வாய்க்கு அருகே பிடித்திருந்தார். டிவியில் குட்டிக் குட்டியாக ஏகப்பட்ட படங்கள். அவற்றுள் ஒன்று திடீரென்று பெரிதானது.

"சுவையான சேமியா உப்புமா செய்வது எப்படி?" என்றது டிவி.

அப்பா பெருமூச்சு விட்டார். டிவியில் கடுகு வெடிப்பதைப் பார்த்துக்கொண்டே ரசம் சாதம் சாப்பிட்டார்.

"என்னப்பா, சமையல் பாக்குறீங்க?"

அப்பா திடுக்கிட்டார். "அதும்மா... கலர் எப்படி இருக்குன்னு பாத்தேன்!" என்று சொல்லிவிட்டு, அவசரமாகக் கை கழுவிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

தினமும் ஒரு மணிச் செய்தி பார்க்காவிட்டால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. பழைய டிவி என்றால் மூன்று எண்களை அமுக்குவார், செய்தி வந்துவிடும். புது ரிமோட்டில் எண்களே இல்லை. நான்கு நாளாக அப்பா செய்தியே பார்க்கவில்லை என்பது அனுவுக்கு அப்போதுதான் புரிந்தது.

ஊரெல்லாம் டிவியைப் புகழ்ந்தாயிற்று. இப்போது போய், 'எனக்குப் போடத் தெரியல' என்று அப்பா எப்படிச் சொல்வார்? ஞாயிற்றுக்கிழமை மாமா வேறு வருகிறாரே!

சனிக்கிழமை காலை. அப்பா கடைக்கும் அம்மா மாலதி ரேஷன் கடைக்கும் போயிருந்தார்கள். அனு ரிமோட்டை எடுத்தாள். திரையின் மூலையில் இருந்த பல்சக்கரப் படத்தை அமுக்கினாள். நீளமான பட்டியல் வந்தது. எல்லாம் ஆங்கிலம். தமிழுக்கு மாற்றலாம் என்று எதையோ அமுக்கினாள்.

அவ்வளவுதான். திரை முழுக்கச் சுழி சுழியாக எழுத்துகள்! எந்த ஊர் மொழி என்றே தெரியவில்லை.

"ஐயோ, கெட்டுப்போச்சா?" என்றாள் அனு. ஆஃப் செய்துவிட்டு ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

மறுபடியும் உற்றுப் பார்த்தாள். எழுத்துதான் மாறியிருந்தது. பல்சக்கரப் படம் அதே மூலையில் அப்படியே இருந்தது. அதை அமுக்கி, ஒவ்வொரு வரியாகத் திறந்து திறந்து மூடினாள். ஓரிடத்தில் மொழிகளின் பட்டியல் வந்தது. ஒவ்வொரு மொழியும் அதனதன் எழுத்திலேயே இருந்தது. நடுவில், தெரிந்த முகம்போல ஒரு சொல்: தமிழ்.

"அப்பாடா!"

இப்போது எல்லாவற்றையும் படிக்க முடிந்தது. ஒரு வரியில், 'பயன்படுத்தும் இடம்: கடை' என்று இருந்தது.

"கடையா? இது எங்க வீடாச்சே!"

'வீடு' என்று மாற்றினாள். திரையில் தெரிந்த அக்காவின் மஞ்சள் நிறம் போய், மனித முகம் வந்தது. கடையில் இருக்கும்போது பளிச்சென்று தெரிவதற்காக அப்படி வைத்திருந்தார்கள்போல.

இன்னும் கீழே, 'டிவி போட்டதும் வர வேண்டியது: முகப்பு' என்று இருந்தது. குட்டிக் குட்டிப் படங்கள் வரும் பக்கம்தான் அந்த முகப்பு. அதை, 'கடைசியாகப் பார்த்த சேனல்' என்று மாற்றினாள். அப்பாவின் செய்திச் சேனலைத் தேடி வைத்துவிட்டு ஆஃப் செய்தாள். ஜன்னலுக்கு அம்மாவின் பழைய புடவையைத் திரையாகக் கட்டினாள். லுங்கியும் மறைந்தது.

அன்று கடையில் வேலை அதிகம்; அப்பா டிவி பக்கமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். உட்கார்ந்ததும், "எங்க மச்சான், நியூஸப் போடுங்க," என்றார்.

அப்பாவின் முகம் வாடியது. "இப்பவா? மொதல்ல காபி குடி மாப்ள."

"காபி அப்பறம். போடுங்க."

அப்பா கண்ணை மூடிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அமுக்கினார்.

"வணக்கம். முக்கியச் செய்திகள்..."

அப்பா ஒரு கண்ணைத் திறந்தார். டிவியைப் பார்த்தார். ரிமோட்டைப் பார்த்தார். பிறகு அனுவைப் பார்த்தார். அனு தலையைக் குனிந்து, வரைபடத்தில் கெடிலம் ஆற்றுக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் மாமா படத்தைப் பார்க்கவே இல்லை. ரிமோட்டையே பார்த்தார்.

"மச்சான், ஒரே ஒரு பட்டன்தான் அமுக்குனீங்களா?" குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நானும் இதே டிவி வாங்கி ஒரு மாசம் ஆவுது. எத அமுக்குனாலும் குட்டிக் குட்டிப் படமா வருது. நீங்க எப்படித்தான் பாக்குறீங்கன்னு தெரிஞ்சிக்கத்தான் வந்தேன்."

அப்பா ரிமோட்டைக் கீழே வைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எனக்கும் தெரியாது மாப்ள! இது நம்ம அனு பண்ண வேலதான்."

"அப்படியா? அனு, சாப்ட்டதும் கெளம்பு. சிதம்பரம் போறோம்."

"நானும் வரேன். கூடவே நின்னு கத்துக்கிறேன்," என்றார் அப்பா.

பஸ்ஸில் அனுவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அப்பாவும் மாமாவும் மாறி மாறிச் சந்தேகம் கேட்டார்கள். அனு ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே வந்தாள். புதுச்சத்திரம் தாண்டியதும், முன் சீட்டில் இருந்தவர் மெல்லத் திரும்பினார்.

"பாப்பா, அந்தப் பல்சக்கரத்த அமுக்குன பெறகு என்ன பண்ணணும்னு சொன்ன?"