நிலாவுக்குள் இரண்டு பேர்

ஏழாவது படத்தில்தான் அவன் அதைக் கவனித்தான். நிலாவுக்குள் அவன் மனைவி மட்டும் நின்றிருக்க வேண்டும். இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

ஸ்டூடியோக்காரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேமராவின் சின்னத் திரையை மறுபடி பார்த்தான். பனி இறங்கிய வெற்று மைதானத்தின் நடுவே, ஸ்டாண்டின் இரும்புக் காலைத் தொட்டாலே விரல் மரத்துப்போகும் குளிரில், நானூறு மீட்டர் தள்ளியிருக்கும் தன் வீட்டு மொட்டை மாடியை நோக்கி முழங்கை நீள லென்ஸைத் திருப்பி வைத்திருந்தான். ஊரார் கல்யாணத்தையெல்லாம் எடுத்துத் தள்ளியவன் வீட்டில் பெண்டாட்டியின் உருப்படியான படம் ஒன்றுகூட இல்லை என்பது பத்து வருடத்து வழக்கு. இன்று முழு நிலா மாடிக்கு நேர் பின்னால் எழும். அந்த நிலாவுக்குள் அவளை நிறுத்தி ஒரே படத்தில் வழக்கைத் தீர்த்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தான். பொழுது சாய்ந்து அரை மணிதான் ஆகியிருந்தது. அதற்குள் மைதானத்தில் ஒரு நாய்கூட இல்லை.

காதில் செருகிய இயர்ஃபோனில் அவள் பல் தந்தியடிப்பது கேட்டது.

"என்னங்க, முடிஞ்சுதா? சுவர் இருந்தாத்தான் சித்திரம். எனக்குக் காய்ச்சல் வந்தா நீங்கதான் சமைக்கணும்."

"ஒரே நிமிஷம். பக்கவாட்டுல பாரு. மூக்கு தெரியணும்ல?"

"இருக்கிற மூக்குதானே தெரியும்!"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "மாடியில வேற யாராச்சும் இருக்காங்களா?"

"இந்தக் குளிர்ல யாரு வருவா? கதவு காத்துல அடிக்குதுன்னு நான்தான் இந்தப் பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். ஏன்?"

அவன் லென்ஸில் கண்ணை வைத்தான். நிலாவின் வெளிச்சத்துக்குக் கேமராவை அளவு வைத்திருந்ததால் மற்றதெல்லாம் வெறும் கறுப்பு. அவளுடைய கொண்டை, சால்வை, கூரான மூக்கு. அவளுக்கு வலப்பக்கம், ஒரு கை அகலம் விட்டு, அவளைவிட ஒரு தலை உயரமாக இன்னொரு கறுப்பு. ஆடாமல் அசையாமல் நின்றது.

சட்டென்று அவனுக்கு விளங்கிவிட்டது. போன உயிர் திரும்பி வந்தது. நீள லென்ஸ் தூரத்தைத் தின்றுவிடும். இரண்டு தெரு தள்ளி நிற்பவனையும் தோளோடு தோள் ஒட்ட வைத்துக் காட்டிவிடும். பின்தெரு மாடியில் எவனோ சிகரெட் பிடிக்க வந்திருப்பான். இதுகூடத் தெரியாமல் பயந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"ஒண்ணுமில்ல. பின்னாடி வீட்டு மாடியில எவனோ நிக்கிறான். அவன் போற வரைக்கும் அசையாதே. திரும்பிப் பாக்காதே, ஃப்ரேம் போயிடும்."

"சரி, சிலையாட்டம் நிக்கிறேன்."

அவள் நின்றாள். சொன்ன சொல்லைக் கேட்டு நின்றாள். நிலா தன் அகலத்தைக் கடக்க இரண்டே நிமிடம்தான். அதன் அடி விளிம்பு அவள் முழங்காலைத் தாண்டிவிட்டிருந்தது. அவன் அவசரமாக அழுத்தினான்.

எட்டாவது படம். இருவருக்கும் நடுவில் விரல் அகல வெளிச்சம்.

ஒன்பதாவது. வெளிச்சமே இல்லை.

"என்னங்க, ஏதோ நாத்தம். நனைஞ்ச கம்பளி மாதிரி."

"பேசாதே, முகம் அசையுது."

"இல்ல... கழுத்துக்கிட்ட சூடா இருக்கு."

விரல் பொத்தானிலேயே நின்றது. தூரத்தில் நிற்பவன் அவளைவிடச் சின்னவனாகத்தானே தெரிய வேண்டும்? எந்த லென்ஸானாலும் அதுதானே கணக்கு?

இவன் பெரியவனாக இருந்தான்.

"ஓடு! ஓடுடி! கதவைத் திற!"

அவள் திரும்பினாள். ஒரு கறுப்புக் கை அவள் முகத்துக்கு முன்னால் வந்து மூடியது. காதுக்குள் அலறல் பாதியில் அறுந்தது. பிறகு கைப்பிடிச் சுவரில் அவள் தலை மோதும் சத்தம். ஒன்று. இரண்டு. தேங்காயை உடைப்பதுபோல, நிதானமாக. மூன்றாவதில் சத்தம் மாறிவிட்டது. ஈரமாக இருந்தது.

அவன் கத்தினான். ஓட வேண்டும். நானூறு மீட்டர். நான்கு மாடி. உள்ளேயிருந்து திறக்க முடியாத கதவு. கால் எழவில்லை, கண்ணும் லென்ஸை விடவில்லை. அசையாதே என்று சொன்னது நான்தான், நான்தான், என்று வாய் தானாகப் பிதற்றியது.

எலும்பு முறிந்தது. துணி கிழிந்தது. சால்வை நிலாவின் குறுக்கே பறந்து போயிற்று. அவளிடமிருந்து சத்தமே வரவில்லை.

இயர்ஃபோனில் மூச்சு மட்டும். நீளமான, பொறுமையான மூச்சு. அவளுடையதல்ல.

நிலா மாடியை விட்டு மேலே ஏறத் தொடங்கியிருந்தது. அதற்குள் இப்போது யாரும் இல்லை. பிறகு, கீழ் விளிம்பிலிருந்து அவள் மெல்ல எழுந்து வந்தாள். கொண்டை அவிழ்ந்த முடியைக் கொத்தாகப் பற்றி ஒரு கை அவளைத் தூக்கிக்கொண்டிருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. இன்னொரு கை வந்து அதை நிமிர்த்தியது, பக்கவாட்டில் திருப்பி வைத்தது, விலகிக்கொண்டது.

மூச்சு நின்று, படத்துக்காகக் காத்திருந்தது.

அவள் பாதங்களுக்குக் கீழே தரை இல்லை. நிலா இன்னும் ஏறியது. அவளும் ஏறினாள், அதன் நட்ட நடுவிலேயே, கால்களிலிருந்து ஏதோ சொட்டச் சொட்ட. ஒரு ஆள் உயரம். இரண்டு ஆள் உயரம். நிலா ஏற ஏற அந்தக் கறுப்புக் கை நீண்டுகொண்டே போனது.