லிஃப்ட்டில் ஏறாதவள்

"ஐயோ... அம்மா!"

ஒன்பதாவது மாடியிலிருந்து அலறல்!

ஹாலில் வக்கீலின் மனைவி குப்புறக் கிடந்தாள். பின்னந்தலையில் ரத்தம். மூச்சு நின்றிருந்தது.

திறந்து கிடந்த கதவு வழியே பார்த்து அலறியவள், மாடிப்படி கழுவும் பெண். இன்ஸ்பெக்டர் வந்ததும்... அவள்தான் குற்றவாளி!

தகவல் கேட்டு ஓடி வந்த வக்கீல் சோபாவில் விசும்பினார். சம உரிமை வழக்குகளில் பேர் போனவர். மைக்கைப் பிடித்தால் கைதட்டல் அடங்காது.

"லிஃப்ட் கேமராவைப் பாருங்க சார்! யாருமே வரல. படியில வந்த இவதான் கொன்னுட்டா! நகையையும் காணோம்!"

"லிஃப்ட் இருக்கறப்போ ஒன்பது மாடியும் படியிலயே ஏன் ஏறினே? கேமராவுக்குப் பயந்தா?" உறுமினார் இன்ஸ்பெக்டர்.

"வேலைக்காரங்க லிஃப்ட்ல ஏறக் கூடாதுங்க. ஏறினா சீட்டைக் கிழிச்சுடுவாங்க."

"யாரு போட்ட ரூல்?"

அவள் வக்கீலைப் பார்த்தாள்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அசோசியேஷன் முடிவு சார்... நான் வெறும் செயலாளர்..."

"கோர்ட்டுல சமத்துவம்... வீட்டுல படிக்கட்டா?"

கேட்ட பிறகு இன்ஸ்பெக்டருக்கே சுருக்கென்றது. அவர் குடியிருப்பிலும் இதே விதி. கை தூக்கி ஆதரித்தவர்களில் அவரும் ஒருவர்! இவளை இவ்வளவு நேரம் நிற்க வைத்திருந்ததும் அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"உக்காரும்மா... உக்காருங்க. படியில யாரையாவது பாத்தீங்களா?"

"பாத்தேனே!"

"அடக் கடவுளே! முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"எங்க சொல்ல விட்டீங்க? வந்ததுலேர்ந்து 'நகையை எங்க ஒளிச்சே'ன்னுதானே கேக்கறீங்க!"

இன்ஸ்பெக்டரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"யாரும்மா அது?"

"ஐயாதான். தடதடன்னு இறங்கி வந்து என்மேல மோதினாரு. ப்ளீச்சிங் பவுடர் கரைச்ச வாளி சாஞ்சு, அவரு காலெல்லாம் நனைஞ்சுது. திரும்பிக்கூடப் பாக்கல."

"பொய்! நான் கோர்ட்ல இருந்தேன்!" வக்கீல் துள்ளி எழுந்தார்.

எழுந்ததுதான் வினை. கறுப்பு பேன்ட்டில், முழங்காலுக்குக் கீழே... திட்டுத் திட்டாக வெளுப்பு!

வக்கீலும் குனிந்து பார்த்தார். முகம் அதைவிட வெளுத்தது.

"அது... இவளா? எவளோ படி கழுவுறான்னு நான் கவனிக்கவே..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். வார்த்தை வெளியே வந்துவிட்டது!

க்ளிக்! கையில் விலங்கு.

இன்ஸ்பெக்டர் லிஃப்ட் பட்டனை அழுத்தினார்.

"வாங்கம்மா, ஸ்டேஷன்ல வாக்குமூலம் குடுத்துடுங்க. லிஃப்ட்லயே போலாம்... கான்ஸ்டபிள்! வக்கீல் சாரைப் படியில கூட்டிட்டு வாய்யா. அவருக்கு வழி தெரியும்!"