கேப்டனுக்கு முளைத்த பல்

"ஐயோ... போச்சு!"

மாடியறையிலிருந்து அலறல்.

கீழே சமையலறையில் அலறியவரின் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் இப்படி நிறைய அலறல்கள் கேட்டாயிற்று. ஒருமுறை, பொம்மையின் தொப்பி காணாமல் போனபோது. இன்னொருமுறை, அது அவர் சட்டைப் பையிலேயே கிடைத்தபோது.

"என்னங்க, யாரு செத்தது?"

"கேப்டன்."

"அவன் எப்போ உசிரோட இருந்தான்?"

 

மேலே நின்றவர் ஓர் இன்ஷூரன்ஸ் சர்வேயர். திருடு போய்விட்டது என்று அழுதுகொண்டு வருகிறவர்களை மேலும் கீழும் பார்த்து, "பூட்டு உடையலையே, அப்புறம் எப்படி?" என்று கேட்பதுதான் முப்பது வருஷமாக அவருக்கு உத்தியோகம்.

இன்று அவருடைய அலமாரி.

பூட்டு உடையவில்லை!

கண்ணாடிக்குள் பன்னிரண்டு கடற்கொள்ளையர்கள் வரிசையாக நின்றார்கள். கை கால் அசையும் பழைய பிளாஸ்டிக் பொம்மைகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். நடுவில் கேப்டன். மரக்கால், கைக்குக் கொக்கி, ஒரு கண்ணுக்குக் கறுப்புத் துணி, வாய் நிறையச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பில்தான் வில்லங்கம்.

முதன்முதலில் இந்தப் பொம்மையை வார்த்தபோது அச்சில் ஒரு பழுது. மேல்வரிசையில் ஒரு பல் பதியவில்லை. பிறகு அச்சைத் திருத்திவிட்டார்கள். அதனால் பல் இல்லாத கேப்டனுக்குத்தான் மவுசு. ஊரிலிருந்த பொம்மைச் சங்கத்தில் அப்படி இரண்டே கேப்டன்கள். ஒன்று செயலாளரிடம். மற்றது இவரிடம்.

இவரிடம் இருந்தது!

இன்று காலை கேப்டனுக்கு எல்லாப் பற்களும் இருந்தன.

"பல் முளைச்சிருக்கு..." என்று முனகினார் சர்வேயர். ஐம்பத்தாறு வயசு மனிதர், பொம்மையின் வாயைப் பார்த்துக் கண்கலங்கினார். இடது கண்ணில் கொஞ்சம் அதிகமாகவே கலங்கியது. மூன்று நாளைக்கு முன்புதான் அதில் புரை எடுத்திருந்தார்கள். காலையில் கட்டைப் பிரித்துவிட்டு நேரே இங்கேதான் வந்திருந்தார். மனைவியின் முகத்தைக்கூட இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது புரிந்திருக்கும்.

யாரோ அசலை எடுத்துக்கொண்டு போலியை வைத்திருக்கிறார்கள்.

யார்?

சர்வேயர் மூளை சுறுசுறுப்பானது. அலமாரிச் சாவி அதன் மேலேயே இருக்கும். முந்தாநாள் அவர் கண்கட்டோடு கீழே படுத்திருந்தபோது, இந்த அறையில் அரைமணி நேரம் தனியாக இருந்தது ஒரே ஓர் ஆள்.

கடிகாரக்காரன்!

கடைத்தெரு முனையில் கடிகாரம் பழுது பார்ப்பவன். முப்பது வருஷ நண்பன். ஞாயிறு தவறாமல் வருகிறவன். பதினோரு கொள்ளையர்களைச் சேர்த்துவிட்டு, கேப்டன் மட்டும் கிடைக்காமல் ஏங்கிக்கொண்டிருப்பவன்.

சர்வேயர் தொலைபேசியை எடுத்தார். சங்கச் செயலாளரின் எண்ணைச் சுழற்றினார்.

பத்தே நிமிஷத்தில் முப்பது வருஷத்தை முடித்துவிட்டார்.

*

மனைவி காபியோடு மாடியேறி வந்தாள்.

"யாருக்குப் போன்?"

"செயலாளருக்கு. பதினோரு மணிக்கு வர்றார். திருடனையும் வரச் சொல்லிட்டாராம். சங்கத்துக் கறுப்புப் புத்தகத்துல பேர் ஏறிட்டா அவ்வளவுதான். எந்த ஊர்ச் சங்கமும் சேர்க்காது. எவனும் ஒரு பொம்மை விக்க மாட்டான், வாங்க மாட்டான்."

"யாரு திருடன்?"

"நம்ம கடிகாரக்காரன்தான்."

காபித் தம்ளர் பாதி வழியில் நின்றது.

"அந்த மனுஷனா? உங்களுக்குக் கண்ணுல கட்டுப் போட்டப்ப மூணு நாளும் வந்து பேப்பர் படிச்சுக் காட்டினாரே."

"வேவு பார்த்திருக்கான்."

அவள் தம்ளரை மேசைமேல் வைத்தாள். புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். ஒருமுறை. இன்னொரு முறை.

"என்னங்க... உட்காருங்க."

"ஏன்?"

"நின்னுகிட்டுக் கேட்டா விழுந்துடுவீங்க."

உட்கார்ந்தார்.

"அந்தப் பொம்மை ஒன்பது வருஷமா அங்கதான் இருக்கு."

"எந்தப் பொம்மை?"

"பல்லு முழுசா இருக்கிறது."



"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி தூசி தட்டறப்ப கை தவறிடுச்சு. நான் குனியறதுக்குள்ள என் கால் அது தலைமேல. ரெண்டா பிளந்து போச்சு. அப்ப உங்களுக்கு ரத்தக் கொதிப்பு வேற. என் தம்பிகிட்ட ஓடினேன். ஒரே ராத்திரியில அச்சு அசலா வார்த்துக் கொடுத்துட்டான்."

அவளுடைய தம்பி பல் டாக்டர். வீட்டுக் கீழ்ப்பகுதியில்தான் அவன் கிளினிக்.

"ஒன்பது வருஷமா... நான் தினம் காலையில அதுக்கு முன்னாடி நிக்கறேனே..."

"நிப்பீங்க. கண்ணுல புரையை வச்சுக்கிட்டு. கேப்டனுக்குத் துணி கட்டியிருக்கிறது ஒரு கண்ணு. உங்களுக்கு ரெண்டு."

சர்வேயர் தலையைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது வருஷம்! ஒன்பது கண்காட்சி! 'சிறந்த கேப்டன்' கோப்பைகள் ஆறு வரவேற்பறையில் பளபளத்தன. எத்தனையோ பேரிடம், 'உங்க பொருளை நீங்களே சரியாப் பார்க்கலைன்னா எப்படி சார்?' என்று கேட்டு விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்த வாய் அது.

கீழே அழைப்புமணி அடித்தது.

"இப்பப் போய் என்ன சொல்லப் போறீங்க?" என்றாள் மனைவி.

"தெரியலை."

"ஒண்ணும் சொல்லாம இருந்தா கோப்பை மிஞ்சும்."

அதை அவள் கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் படியிறங்கும்போது, ஒவ்வொரு படியிலும் அவருக்கு அது ஒரு யோசனையாகவே கேட்டது.

*

செயலாளர் சோபாவின் நடுவில் அமர்ந்திருந்தார். காலடியில் தோல்பெட்டி. மாலைக் கண்காட்சிக்காக அவருடைய கேப்டன் அதற்குள் பத்திரமாக இருந்தான். மடியில் கறுப்புப் புத்தகம்.

எதிரே கடிகாரக்காரர். சட்டைப் பையில் எப்போதும்போல கடிகாரம் பார்க்கும் குட்டி உருப்பெருக்கி.

"நான் எடுக்கலை" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். சர்வேயரைப் பார்க்கவில்லை.

"சரி, வாக்குமூலம் பதிவாகட்டும்" என்றார் செயலாளர். "நம்ம சங்க விதி தெரியுமில்லே? பொம்மையைத் தொடக் கூடாது. கை தூரத்துக்குள்ள மூஞ்சியைக் கொண்டு போகக் கூடாது. அப்படிப்பட்ட சங்கத்துல திருட்டு! சர்வேயர் சார், இவர்தான்னு உறுதியாச் சொல்றீங்களா? ஆமான்னு ஒரே வார்த்தை. எழுதிடறேன்."

பேனா மூடி திறந்தது.

ஒரே வார்த்தை.

சர்வேயர் கோப்பைகளைப் பார்த்தார். ஆறும் தெளிவாகத் தெரிந்தன. பாழாய்ப்போன புதுக் கண்! நண்பனைப் பார்த்தார். அவருடைய சட்டைக் காலர் நைந்திருந்ததுகூடத் தெரிந்தது.

"இல்லை" என்றார் சர்வேயர்.

"என்ன இல்லை?"

"திருட்டே இல்லை. என் கேப்டன் உடைஞ்சு ஒன்பது வருஷமாச்சு. அலமாரியில நிக்கிறது பல் செட்டு செய்யற பொருள். நான் பூட்டைத்தான் தினம் பார்த்தேன், பொம்மையைப் பார்க்கலை. கறுப்புப் புத்தகத்துல பேர் எழுதணும்னா என் பேரை எழுதுங்க. பக்கத்துல 'முட்டாள்'னு போட்டுக்குங்க. எழுத்துப் பெரிசா இருக்கட்டும், சின்னதா இருந்தா எனக்குத் தெரியாது."

கடிகாரக்காரர் மெல்ல நிமிர்ந்தார்.

"தெரியும்டா" என்றார்.

"என்ன தெரியும்?"

"அது போலின்னு. ஒரு தடவை திருட்டுத்தனமா லென்ஸை வச்சுப் பார்த்தேன். ஏழெட்டு வருஷம் இருக்கும்."

"ஏன்டா சொல்லலை?"

"நீ அதுக்கு 'குட் மார்னிங்' சொல்லிக்கிட்டிருந்தே. எப்படிடா சொல்றது?"

சர்வேயர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "முந்தாநாள் அரைமணி நேரம் அங்க என்ன பண்ணினே?"

"உனக்குக் கட்டுப் பிரிச்சா தெரிஞ்சுடுமேன்னு அந்தப் பல்லைச் சுரண்டிப் பார்த்தேன். அசையலை. உன் மச்சினன் வேலை கெட்டி."

செயலாளர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலில் அன்பு இல்லை.

"நெகிழ்ச்சியெல்லாம் அப்புறம். போலியை வச்சுப் பரிசு வாங்கினது கடும் குற்றம். ஆறு கோப்பையும் திரும்ப வரணும். ரெண்டு பேரும் சங்கத்தை விட்டு வெளியே. ஒருத்தர் ஏமாத்தினதுக்கு, ஒருத்தர் மறைச்சதுக்கு."

நடுங்காத கையெழுத்தில் எழுத ஆரம்பித்தார்.

அப்போதுதான் கிளினிக் பக்கக் கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டோடு மச்சினன். கையில், பல் செட்டு வைக்கும் சின்ன டப்பா.

"மாமா, அக்கா சொல்லிட்டா. மன்னிச்சுடுங்க. அசல் இதுல பத்திரமா இருக்கு, தலையை ஒட்டி வச்சிருக்கேன். அந்தப் பல் விஷயம்... வேணும்னு பண்ணலை. பல் கட்டியே பழகின கை. சந்து தெரிஞ்சதும் தானா நிரப்பிடுச்சு."

டப்பாவுக்குள் விரிசல் விட்ட தலையோடு கேப்டன். மேல்வரிசையில் அழகான ஓட்டை!

சர்வேயர் அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

மச்சினன் திரும்பினான். சோபாவைப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"அட, நீங்களா சார்! நாய் நல்லா இருக்கா?"

பேனா நின்றது.

"எந்த... நாய்?" என்றார் செயலாளர்.

"உங்க கேப்டனைக் கடிச்சுத் துப்பிச்சே, அதுதான் சார். ஏழு வருஷம் இருக்குமா? மாமாவுக்குச் செஞ்ச அச்சு கையில இருந்ததால ஒரே நாள்ல வார்த்துக் கொடுத்தேனே."

மூன்று ஜோடிக் கண்கள் மெல்ல இறங்கித் தோல்பெட்டியில் நின்றன.

கடிகாரக்காரர் சட்டைப் பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்து நண்பனிடம் நீட்டினார். சர்வேயர் அதை வாங்கவில்லை.

"வேண்டாம்டா. இப்ப எனக்கே தெரியுது."

செயலாளர் கறுப்புப் புத்தகத்திலிருந்து அந்தப் பக்கத்தை மட்டும் ஓசைப்படாமல் கிழித்தார். நான்காக மடித்தார். சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, மிக மெல்லிய குரலில் கேட்டார்.

"அம்மா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

மச்சினன் ஒன்றும் புரியாமல் எல்லோரையும் பார்த்தான். பிறகு தொழில் ஞாபகம் வந்தவனாகச் சொன்னான்.

"ரெண்டு கேப்டனையும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்குக் கூட்டிட்டு வாங்க சார். சொத்தை விழாது... ஆனா சாயம் போகும்."