செக் வாங்காத ராஜா

ஒன்பதாவது நகர்த்தலில் மெஷின் யோசித்தது.

சவரிநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த இடத்தில் அது யோசித்ததே இல்லை. அவர் குதிரையை வைத்துக் கட்டத்தை அழுத்தி விரலை எடுப்பதற்குள் 'கீக்' என்று பதில் வந்துவிடும். பலகையின் ஓரத்தில் சின்னச் சிவப்பு விளக்குகள் எரிந்து, எந்தக் காயை எடுக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் வைக்க வேண்டும் என்று காட்டும். அதற்குக் கை கிடையாது. அதன் காயையும் அவர்தான் எடுத்து வைக்க வேண்டும். இன்றைக்கு விளக்கு எரியவில்லை. ஓட்டில் விழுகிற மழையும், வாசலில் இருந்த தகர வாளியில் சொட்டுகிற தண்ணீரும்தான் கேட்டன. அவர் சொட்டுகளை எண்ணினார். பதினாறாவது சொட்டுக்குப் பிறகு விளக்கு எரிந்தது. வழக்கமான அதே பதில்தான்.

"பேட்டரி வீக்கா இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு முஜிபுர் ரஹ்மான் துபாயிலிருந்து வரும்போது கொண்டுவந்த செஸ் மெஷின் அது. "எனக்கு இது ஒத்து வரல. கணக்கு வாத்தியாருக்குத்தான் சார் சரிப்படும், வச்சுக்குங்க" என்று போன வருடம் கொடுத்துவிட்டுப் போனார். முதல் மாதம் முழுக்க சவரிநாதன் தோற்றார். பிறகு ஒருநாள் குருட்டு அதிர்ஷ்டத்தில் முப்பத்தோராவது நகர்த்தலில் ஜெயித்தார். அந்த நகர்த்தல்களை ஒரு நோட்டில் எழுதிவைத்து மறுநாள் அப்படியே ஆடிப் பார்த்தார். மெஷினும் அதே பதில்களைச் சொல்லி அதே இடத்தில் தோற்றது. இதுவரை நாற்பத்தோரு தடவை. அவர் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன்கூட மூன்றாம் தடவை சுதாரித்துக்கொள்வான்.

"எழுதி வச்சுப் பாத்து ஆடறதுக்குப் பேரு பிட்டடிக்கிறதுங்க" என்று இருதயமேரி கேலி செய்வாள். "பசங்க செஞ்சா மட்டும் வெளியில நிக்க வைக்கிறீங்க."

இன்று அவள் கேலி செய்யவில்லை. கல்லறைத் திருநாள். மத்தியானம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு இருவரும் நனைந்து திரும்பியிருந்தார்கள். வாசலில் கால் துடைக்கச் சாக்கு போட்டுவிட்டு, அவள் சமையலறையில் காபிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தாள். மணி நாலரைதான். அதற்குள் தென்னூர் முழுக்க இருட்டிக்கொண்டு வந்திருந்தது.

"உங்க தம்பிக்குப் பெரிய சிலுவை அடியில மெழுகுவத்தி ஏத்தினேன்" என்றாள் உள்ளேயிருந்து. "அவருக்குன்னு ஒரு கல்லறைகூட இல்லையே. ஏங்க, அன்னிக்கு அவரு வெள்ளத் தண்ணி பாக்கவா போனாரு?"

"ஆமா. தண்ணி பாக்கத்தான் போனான்."

எட்டு வருடமாக எல்லோரிடமும் சொல்லிவருகிற பொய். எழுபத்தேழு நவம்பரில் இதே வீட்டில், இதே மேஜையில், அவரும் தம்பி இன்னாசிராஜும் ஆடிக்கொண்டிருந்தார்கள். கொட்டுகிற மழை. தோற்றவன் உய்யக்கொண்டான் வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போய் சிகரெட் வாங்கி வர வேண்டும் என்று பந்தயம். தம்பி சிகரெட் பிடிக்க மாட்டான். ஆனால் அண்ணனுக்கு வாங்கிவந்தால் பாக்கெட்டைப் பிரித்து, ஒன்றை மட்டும் பாதி வெளியே இழுத்து, சிரித்துக்கொண்டே நீட்டுவான். அன்று சவரிநாதன் மேட் வைக்க ஒரு நகர்த்தல் இருந்தபோது, இன்னாசி தன் கறுப்பு ராஜாவைக் குதிரைபோலத் தாவவைத்துத் தப்பித்தான். நாட்டு ஆட்டத்தில் அது உண்டு. அதுவரை ஒரு செக்கும் வாங்காத ராஜா ஒரே ஒரு தடவை அப்படித் தாவலாம். சின்ன வயதிலிருந்து இருவரும் அப்படித்தான் ஆடினார்கள். ஆனால் அன்று மழையில் போக அவருக்குச் சோம்பலாக இருந்தது.

"புத்தகத்துல இல்லடா. செல்லாது" என்று ராஜாவை விரலால் பின்னுக்குத் தள்ளினார்.

"சரி, நீதாண்ணே ஜெயிச்சே" என்று சிரித்துவிட்டு, சட்டையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போனான். அவன் திரும்புவதற்குள் தெருவுக்குள் வெள்ளம் வந்தது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

மெஷின் வந்த முதல் நாளே சவரிநாதன் அதன் ராஜாவைத் தாவவைத்துப் பார்த்தார். அது கரகரவென்று கத்தி மறுத்தது. அதற்குத் தெரிந்தது புத்தக விதி மட்டும்தான். அன்று இரவு, ஏழு வருடத்தில் முதல் தடவையாக, நன்றாகத் தூங்கினார். அதன் பிறகு அதை ஜெயிக்க ஜெயிக்க, அன்றைக்கும் தான் ஜெயித்தது நியாயம்தான் என்று மனசு ஆறியது. அதற்காகவே ஆடினார்.

பதினைந்தாவது நகர்த்தல். மெஷின் மறுபடி யோசித்தது. பதினெட்டாவது. இருபத்திரண்டாவது. பதில்கள் மாறவில்லை, நோட்டில் இருந்தபடியே வந்தன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால், நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு பலகையைப் பார்க்கிற மனுஷனுடைய தாமதம் இருந்தது. பால் காயும் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை மெல்ல வந்தது. வாய்க்கால் சேறு, ஊறிய புகையிலை. ஜன்னல் வழியாக வருகிறது என்று நினைத்தார். ஜன்னல் சாத்தியிருந்தது.

இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

முப்பதாவது நகர்த்தலாக யானையை வைத்து அழுத்தினார். இனி மெஷின் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளும், அவர் ராணியால் மேட் வைப்பார். நாற்பத்தோரு தடவையும் அப்படித்தான்.

வாளியில் சொட்டு விழுவது நின்றது.

விளக்கு எரிந்தது. சிப்பாய் இல்லை. ராஜா. எங்கே? இரண்டு கட்டம் மேலே, ஒரு கட்டம் பக்கத்தில்.

குதிரைத் தாவல்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். மெஷினை அணைத்தார். போட்டார். அதே விளக்குகள். கத்தவில்லை, அவசரப்படுத்தவில்லை. அவர் எடுத்து வைப்பதற்காகக் காத்திருந்தது. அவர் கை கறுப்பு ராஜாவின் தலைவரைக்கும் போயிற்று. வைத்துவிடலாம். ஒரு காய்தானே. ஆனால் வைத்தால் அந்தத் தாவல் செல்லும். இன்று செல்லுமென்றால் அன்றும் செல்லும். அன்று செல்லுமென்றால் மழையில் போயிருக்க வேண்டியவர் அவர்.

கையை இழுத்துக்கொண்டார்.

"செல்லாது" என்றார்.

ராணியை எடுத்தார். மேட் கட்டத்தில் வைத்து அழுத்தினார். முறை அவருடையதில்லை, மெஷின் கத்தி மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. தோற்றால் போடுகிற மூன்று நீளக் கீச்சுகளைப் போட்டது.

எதிர் நாற்காலி கிரீச்சென்று பின்னால் நகர்ந்தது. தெருக்கதவின் தாழ்ப்பாள் விலகியது.

"ஏங்க, இந்த மழையில யாரு வெளியில போறது?" என்று மேரி கேட்டாள்.

எழுந்து போய்க் கதவைத் தாழிட வேண்டும். கடை தூரமில்லை. பாலத்தைத் தாண்டினால் கடை. போக ஐந்து நிமிஷம். வர ஐந்து நிமிஷம்.

மழை.

தெருவில் தண்ணீரை அளைந்துகொண்டு வருகிற கால்கள். பக்கத்து வீட்டைத் தாண்டின. படி ஏறின. சாக்கில் ஒரு தேய்ப்பு. இரண்டு. மூன்று.

"யாரோ காலைத் தொடைக்கிறாங்க. யாருன்னு பாருங்களேன். காபி இன்னொண்ணு போடணுமா?"

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கதவு திறந்தது. சேற்று வாசனை முகத்தில் அடித்தது. நாற்காலி முன்னால் இழுபட்டது. மேஜைமேல் ஈரமாக என்னவோ விழுந்தது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார். எதிர் நாற்காலியிலிருந்து தரையில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பலகையில் அதே விளக்குகள், அதே தாவலைக் காட்டிக்கொண்டு இன்னும் எரிந்தன. நடுவில் ஒரு சிகரெட் பாக்கெட். சேறு படிந்து, ஊறி, உப்பிப்போயிருந்தது. அவர் பக்கமாகப் பாதி இழுத்து நீட்டியிருந்த அந்த ஒரு சிகரெட் மட்டும் நனையவே இல்லை.