நான்காம் குழி மண்

மலாயா. 1931, அக்டோபர் 14, புதன்கிழமை. காலை மணி 6.50.

முனியாயி மேட்டுக்காட்டுக்கு மூச்சு வாங்க ஏறி வந்தபோது அவளிடம் இருந்ததெல்லாம் கோபம்தான். வழக்கமாக ஏழரைக்கு வேலைக்கு வருகிறவள். இன்றைக்குத் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் ஆறு மணி அடித்த கையோடு கிளம்பிவிட்டாள். மறந்துவிட்டு வந்த மண்வெட்டியை எடுத்து வருகிறேன் என்று நேற்றுச் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன புருஷன் மருதமுத்து ராத்திரி வீடு திரும்பவில்லை. கள்ளுக்கடையில் கவிழ்ந்திருப்பான், காலையில் வைத்துக்கொள்கிறேன் கச்சேரியை என்று அவளும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிட்டாள்.

அடிமரக்கட்டை மேல் நேற்று வைத்த, கூடை சுமக்கும் சும்மாடு அப்படியே இருந்தது. எடுத்து ஓர் உதறு உதறினாள். புழுதி பறந்து கண்ணில் விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே அதைத் தலையில் வைத்தவள், அவளும் புருஷனுமாக வெட்டிய குழியை எட்டிப் பார்த்தாள்.

ஆறடி ஆழக் குழி. நேற்று வேலை முடிந்தபோது தரை தெரிய வெறுமையாகக் கிடந்தது. இப்போது பாதிவரைக்கும் மண். கரையில் மருதமுத்துவின் மண்வெட்டி, பக்கத்தில் அவன் தலைத்துண்டு.

அவள் அலறிய அலறல் யாருக்கும் கேட்கவில்லை. லயம் மலைக்கு அந்தப் பக்கம் இரண்டு மைல். ஓடினாள்.

ஆள் திரட்டிக்கொண்டு திரும்பியபோது மணி 8.10. மேடு முழுவதும் சேறு, மரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்கிற நிலையில் அவள் இல்லை. குழிக்குள் குதிக்கப் போனவளைக் கங்காணி சின்னத்தம்பி கையைப் பிடித்து நிறுத்தினார். போலீஸ் வரும்வரை யாரும் ஒரு பிடி மண்ணைத் தொடக்கூடாதாம். அவரை அவள் பார்த்த பார்வைக்கு அர்த்தம் அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை கள்ளுக்கடை வாசலில், நூறு பேர் பார்க்க மருதமுத்துவைக் கன்னத்தில் அறைந்து, "ஒன்னெ மண்ணுக்குள்ள எறக்கலன்னா நான் கங்காணி இல்லடா" என்று சொன்னவர் அவர்தான்.

மணி 8.40. டுரியான் துங்கால் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார் சார்ஜென்ட் ஜூலியஸ். அதிகம் பேசாத மனிதர். பார்த்ததை எல்லாம், வேண்டியது வேண்டாதது பார்க்காமல் நோட்டில் எழுதிவிடுவார்.

மண்ணை அள்ள இரண்டு ஆள் இறங்கினார்கள். சுமக்க மட்டும் முனியாயி வேறு யாரையும் விடவில்லை. அந்தக் குழியின் மண் முழுவதையும் வெளியே சுமந்தவள் அவள். இப்போதும் அவளே சுமப்பாளாம். கூடை கூடையாக வந்தது. முதலில் கருமண். அப்புறம் சிவப்புச் சரளை. கடைசியில், சிவப்புப் புள்ளி விழுந்த வெள்ளைக் களி. அந்தக் களிக்கு அடியில் மருதமுத்து குப்புறக் கிடந்தான். பின்மண்டை உடைந்திருந்தது.

அவனைப் புரட்டி மடியில் போட்டுக்கொண்டு, வாய்க்குள் அடைத்திருந்த களியை விரலால் தோண்டி எடுத்தாள். அதைக் கீழே போடவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"செஞ்சவன் வாயில இதெப் போடாம என் தாலியக் கழட்ட மாட்டேன்" என்றாள். சொன்னது கங்காணியைப் பார்த்து.

ஜூலியஸ் அதையும் எழுதினார்.

குழி வெட்டும் வேலை தோட்டத்து வேலை அல்ல, சர்க்கார் வேலை. ரப்பர் மரம் வைக்காமல் சும்மா கிடந்த அந்த மேட்டுக்காட்டின் மண் என்ன சாதி, எதற்கு உதவும் என்று கண்டுபிடிக்க வந்தவர் மண் கிராணி சாமிநாதன், சர்க்கார் குமாஸ்தா. மேடு, சரிவு, பள்ளம் என்று பத்து இடத்தில் குழி வெட்டி, ஒவ்வொரு குழி மண்ணையும் டின்னில் அடைத்து, மழைக் கணக்கோடு கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். மருதமுத்து வெட்டுவான், முனியாயி சுமப்பாள், கிராணி நின்று வேலை வாங்குவார்.

நல்ல மனிதர் என்றே பெயர். கூலிகளை "வாங்க" என்று கூப்பிடுகிற ஒரே கிராணி. ஒரு விஷயத்தில் மட்டும் கொடுமைக்காரர். கருமண் கிழக்கே, சரளை தெற்கே, களி மேற்கே என்று மூன்று குவியலும் தனித்தனியாக இருக்க வேண்டும். மூடும்போது களி முதலில், சரளை அடுத்து, கருமண் கடைசியில். அப்போதுதான் நிலம் கெடாது என்பார். முதல் குழியை இப்படித்தான் மூட வேண்டும் என்று தானே மண்வெட்டி பிடித்து மூடிக் காட்டினார். ஒரு கூடை இடம் மாறினால் போதும், தொண்டை கிழியக் கத்துவார்.

மேட்டில் மழை அளக்கும் குடுவையும் அவருடைய பொறுப்புதான். ஜூலியஸும் அவரும் தனியே நின்று பேசினார்கள். பேச்சு இங்கிலீஷில் நடந்தது, முனியாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிராணி சொன்னது இதுதான். விடியற்காலை நாலு மணிக்கு மேட்டில் நல்ல மழை. ஏழு மணிக்கு அளந்தார், ஒன்றரை இஞ்ச். குடித்துவிட்டுக் குழிக்குள் படுத்தவன்மேல் சுவர் சரிந்திருக்கிறது. லயத்தில் ஒரு சொட்டுகூட இல்லையே என்று ஜூலியஸ் கேட்டதற்கு, மலைக்கு இந்தப் பக்கம் பெய்தால் அந்தப் பக்கம் பெய்யாது என்றார். குவியல்கள் ஏன் இளைத்திருக்கின்றன என்றதற்கு, மழை கரைத்திருக்கும் என்றார். மழைப் புத்தகத்தையும் காட்டினார். சர்க்கார் புத்தகம். குடுவையில் தண்ணீர் இருப்பதை ஜூலியஸே பார்த்தார்.

போகும்போது கிராணி முனியாயியிடம் வந்து, உதவி கேட்டுத் தானே மனு எழுதித் தருவதாகச் சொன்னார். அவள் கும்பிட்டாள். அந்தக் கும்பிடை நினைத்துப் பிற்பாடு அவள் தன் கையையே வெறுத்தாள்.

மாலை மணி 4.30. இடுகாடு.

பொம்பிளை இங்கே வரக்கூடாது என்றார்கள். வந்தாள். இடுப்பில் கூடை, கூடைக்குள் துணி, துணிக்குள் நடுப்பகலில் கல்லில் தீட்டிய, காடு வெட்டும் பாராங் கத்தி. கங்காணி குனியட்டும், பிடரியில் ஒரே வெட்டு. அதற்குமேல் தன்னைத் தூக்கில் போடட்டும், எங்கே வேண்டுமானாலும் போடட்டும்.

சின்னத்தம்பி குனிந்தார். செத்தவனுக்கு மரியாதை செய்கிறாராம், மண்வெட்டி வாங்கித் தானே மண் தள்ளினார். எது கிட்டே கிடந்ததோ அதைத் தள்ளினார். மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்து, கருப்பும் சிவப்புமாகத் தொம்மென்று விழுந்தது.

முனியாயியின் கை கத்திப்பிடியிலேயே நின்றது. விழுகிற மண்ணைப் பார்த்தாள். கங்காணியின் கையைப் பார்த்தாள். காலையில் தன் தலைமேல் வந்த கூடைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அடப்பாவி, இவன் இல்லை.

மணி 6.00. ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றவளை ஜூலியஸ் பெஞ்சில் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. மேட்டில் மழை எப்போது பெய்தது என்று கேட்டாள். கிராணி சொன்னதை அவர் தமிழில் சொன்னார்.

"என் சும்மாட்ட நான் உதறுனப்ப புழுதி பறந்துச்சு, சார்ஜன் ஐயா. அப்பவே குழி மூடிக் கெடந்துச்சு."

ஜூலியஸ் நோட்டைத் திறந்தார். "அப்ப மணி என்னம்மா?"

"ஆறு அடிச்சதும் கெளம்புனேன். ரெண்டு மைலு மேட்டு நடை."

"சரி. இன்னும் என்ன?"

இன்னும் இருந்தது. அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். முடிந்ததும் இருவரும் கிராணியின் கொட்டகைக்குப் போனார்கள். அவர் அங்கே இல்லை. வரிசையாகப் பத்து டின், ஒன்று முதல் பத்துவரை நம்பர். முனியாயிக்கு நம்பர் தெரியாது, மண் தெரியும். எச்சில் தொட்டு விரலில் தேய்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பத்து டின்னையும் நாலு கூட்டமாகப் பிரித்து வைத்தாள்.

"பள்ளத்து மண்ணுன்னு எழுதியிருக்கிறது எந்த டின்னு ஐயா?"

ஜூலியஸ் ஏழாம் நம்பரைக் காட்டினார்.

"பள்ளத்து மண்ணு சாம்பக் கலரா இருக்கும், சேத்து வாடை அடிக்கும். இது மேட்டுச் சரளை. நாலாவது குழி. நாங்க வெட்டுனதே நாலு குழிதான்."

வியாழக்கிழமை. காலை மணி 10.00. தோட்டத்து ஆபீஸ் பின்கட்டு.

விபத்து என்று எழுதி முடிப்பதற்கான விசாரணை என்றே எல்லாரும் நினைத்தார்கள். துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிராணி மழைப் புத்தகத்தோடு வந்திருந்தார். கங்காணி ஓரமாக நின்றார். முற்றத்தில் முழங்கால் ஆழத்துக்குப் புதிதாக ஒரு குழி, அதைச் சுற்றிக் கருப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்று சின்னக் குவியல். எதற்கு என்று துரை கேட்டார். சுவர் எப்படி விழும் என்று பார்க்க வெட்டியது, வேலை முடிந்துவிட்டது என்றார் ஜூலியஸ்.

விசாரணை நடந்தது. எப்போது மழை? நாலு மணிக்கு. எப்போது அளந்தீர்கள்? ஏழு மணிக்கு. நேற்றுச் சொன்னதையே கிராணி ஒரு சொல் பிசகாமல் சொன்னார்.

"சரி, முடிஞ்சது. கங்காணி, ஆடு மாடு விழுந்துரப் போவுது. அந்தக் குழிய மூடுங்க."

சின்னத்தம்பி மண்வெட்டியை எடுத்து, பக்கத்திலிருந்த கருமண்ணை வாரிக் குழியில் போட்டார். இரண்டாவது வாரல். மூன்றாவது வாரல். கிராணியின் முகம் சுளித்தது. நாலாவது வாரலுக்கு அவரால் பொறுக்க முடியவில்லை.

"யோவ், கருப்பு கடைசியிலய்யா! களிய மொதல்ல போடு!"

சொல்லிவிட்ட பிறகுதான் சாமிநாதனுக்கு உறைத்தது. கண்ணெதிரே முனியாயி நின்றிருந்தாள்.

"இதத்தான் சார்ஜன் ஐயா நேத்து சொன்னேன்" என்றாள் அவள்.

ஜூலியஸ் நோட்டைப் பிரித்துத் துரைக்கு விளங்கச் சொன்னார். அந்த மேட்டுச் சரளை காற்றுப் பட்டால் இறுகும் சாதி. மலாக்கா கோட்டையைக் கட்டிய சிவப்புக் கல்லே இந்த மண்தான். அதன் சுவர் லேசில் சரியாது. அப்படியே சரிந்தாலும் மூன்று மண்ணும் கலந்து ஒரு பக்கமாக விழும். மருதமுத்துவின் மேல் கிடந்ததோ அடியில் களி, நடுவில் சரளை, மேலே கருப்பு. கலப்பே இல்லை. குவியலிலிருந்து ஆள் எடுத்துப் போட்டது. வேறு எவனாக இருந்தாலும் கிட்டே கிடப்பதை வாரிப் போட்டிருப்பான், கங்காணி போட்டதுபோல. பதறிப்போய் நின்ற நேரத்திலும் முறைப்படி மூடியிருக்கிறதென்றால், அது பழகிய கை. அந்த முறை தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவன் குழிக்குள் கிடந்தான். ஒருத்தி அவனைத் தேடி வந்தாள்.

மழை பெய்தது உண்மை. பெய்தது ஏழு மணிக்கு மேல், முனியாயி ஆள் திரட்ட லயத்துக்குப் போயிருந்த நேரத்தில். அவள் ஏழரைக்குத்தான் வந்திருப்பாள், ஈரத்தைத்தான் பார்த்திருப்பாள் என்று நினைத்த கிராணி, பெய்த மழையை மூன்று மணி நேரம் முன்னுக்குத் தள்ளி எழுதிவிட்டார். அவளுடைய சும்மாடு காய்ந்திருந்தது அவருக்குத் தெரியாது.

துரை ஏன் என்று கேட்டார். பதிலை முனியாயியே சொன்னாள். நாளை வெள்ளிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து மண் ஆராய்ச்சி துரை வருகிறார். குழி குழியாகப் பார்ப்பார், காட்டுவதற்கு மருதமுத்து நிற்க வேண்டும் என்று உத்தரவு. செவ்வாய்க்கிழமை மத்தியானச் சோற்றின்போது அவன் அதைச் சொல்லிச் சிரித்தான். நாலு குழியை வைத்துக்கொண்டு பத்தை எப்படிக் காட்டுவது, இருக்கிறதைத்தான் சொல்லப் போகிறேன், கிராணியிடமும் சொல்லிவிட்டேன் என்றான். ரப்பர் விலை சரிந்துவிட்ட இந்தக் காலத்தில், கப்பல் கப்பலாக ஆட்களை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிற நேரத்தில், பொய் டின் அடைத்த கிராணிக்கு வேலை நிலைக்காது.

"மிச்சத்தையும் வெட்டியிருக்கலாம்" என்று சாமிநாதன் முனகினார். "ராப்பகலா நின்னா இன்னும் ஆறும் முடிஞ்சிருக்கும். அவன்தான் முடியாதுன்னு சிரிச்சான்."

"சிரிச்சதுக்கா ஐயா மண்வெட்டியால அடிச்சீங்க?"

ஜூலியஸ் விலங்கை மாட்டினார்.

முனியாயி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். காய்ந்து இறுகிய களி, கோலிக்குண்டு அளவு. அதை அவர் வாயருகே கொண்டுபோனாள். ஜூலியஸ் தடுக்கவில்லை. சாமிநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அவள் விலங்கு மாட்டிய அவர் கையைத் திருப்பி, களியை உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"இது நாலாவது குழி, ஐயா. எம் புருசன் வாயில இருந்து எடுத்தது. டின்னுல போட்டு நம்பர் எழுதிக்குங்க. உங்கள தூக்குல போடுற அன்னைக்கு வாங்கி உங்க வாயில போடுவேன்."

கிராணியைக் கூட்டிக்கொண்டு போகும்போது ஜூலியஸ் அவளுடைய கூடையைக் கவனித்தார். துணியை விலக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, இது எதுக்கு?"

"நேத்து கங்காணிக்குக் கொண்டு வந்தது."

"இன்னைக்கு?"

"உங்க கோர்ட்டு இவர விட்டுருச்சுன்னா வேணும்ல."

ஜூலியஸ் கையை நீட்டினார். அவள் கத்தியைக் கொடுக்கவில்லை. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தாலி கழுத்தில் ஆட, மேட்டுக்காட்டுப் பக்கம் நடந்தாள். அங்கே நாலாவது குழி இன்னும் மூடாமல் கிடந்தது.