மீட்டரும் வாப்பாவின் குறட்டையும்

மங்களேஸ்வரி அன்ரியின் பகல் நித்திரைக்கு விலை, மாதம் ஐயாயிரம் ரூபா.

மூவாயிரத்தில்தான் தொடங்கியது. ஐயாயிரத்துக்கு ஏற்றியவர் அபீபாவின் வாப்பா றிஸ்வி. பிலிமத்தலாவையில் துணிக்கடை வைத்திருப்பவர். விட்டால் பஸ் டிக்கட்டுக்கும் விலை பேசுவார் என்று உம்மா சொல்லுவா.

நித்திரைக்குச் சொந்தக்காரி மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லை. வீட்டில் நித்திரையாக இருந்தார்.

கூட்டம் சனிக்கிழமை காலை பொது மண்டபத்தில் நடந்தது. வயலோரத்தில் பெரிய பற்றரி நிலையம் ஒன்று அமைக்க ஒரு கம்பனி விரும்பியது. அதற்கு ஊராரின் சம்மதம் வேண்டும். சம்மதம் வாங்க வந்திருந்தவர் தினுஷன். இளம் இன்ஜினியர், மஹய்யாவக்காரர்.

"பகல்ல எல்லாக் கூரையிலயும் சோலார் ஓடுது. கரண்ட் மிஞ்சுது," என்றார் தினுஷன். "ராத்திரி ஏழு மணிக்கு எல்லா வீட்டுலயும் லைட்டு, டீவி. அப்ப பத்தாது. மிஞ்சினத இந்தப் பற்றரிப் பெட்டிகள்ல சேத்து வச்சு ராத்திரிக்குக் குடுப்போம்."

"மலிவா இருக்கக்க வாங்கிப் போட்டு, கிராக்கி வந்ததும் விக்கிறீங்க," என்றார் றிஸ்வி.

"அப்படியும் சொல்லலாங்க."

"நல்ல யாவாரம்." றிஸ்விக்கு அந்த நிமிடமே திட்டம் பிடித்துவிட்டது.

பிறகு எல்லோரும் கேட்கத் தொடங்கினார்கள். ஒருவர் தெருவிளக்குக் கேட்டார். ஒருவர் வடிகான் கேட்டார். இன்னொருவர் மருமகனுக்கு வேலை கேட்டார். மருமகன் இன்னும் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.

"சத்தம் வருமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"பெட்டி சூடாகாம இருக்க விசிறி ஓடும். இவ்வளவுதாங்க சத்தம்." தினுஷன் போனை உயர்த்திக் காட்டினார். சோடாப் போத்தலுக்குள் அடைபட்ட தேனீபோல ஒரு ரீங்காரம் கேட்டது. "அதுவும் பகல்லதான் கூட. நடுராத்திரியில கேக்கவே கேக்காது. பகல்ல யாருங்க தூங்கப் போறாங்க?"

மண்டபம் சிரித்தது.

"எங்கட அம்மா," என்று ஒரு குரல் வந்தது.

அது கஜாலினி. ஆறாம் தரத்தில் அபீபாவுக்குப் பக்கத்துக் கதிரை. "வயலுக்கு நேர் எதிர் வீடு எங்கட. அம்மா நேர்ஸ். ராவு டியூட்டி முடிச்சு வந்து பகலிலதான் படுப்பா."

மண்டபம் அமைதியானது. கடைத்தெருக்காரர்கள் அமைதியானால் அடுத்து வருவது விலைதான். வந்தது. கம்பனி மங்களேஸ்வரி அன்ரிக்கு மாதாமாதம் கொடுக்கும் தொகை: மூவாயிரம், நாலாயிரம், ஐயாயிரம். கைகுலுக்கிக்கொண்டார்கள்.

மாலையில் அபீபா அந்த நல்ல செய்தியோடு கஜாலினியின் வீட்டுக்குப் போனாள். செய்தி அவளுக்கு முன்னரே போயிருந்தது. மங்களேஸ்வரி அன்ரி டியூட்டிக்குப் போகத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"காசு கூடாதெண்டு நான் சொல்லேல்லைப் பிள்ளை," என்றார் அவர். "ஆனா அதைத் தலையணைக்குக் கீழ வைச்சால் நித்திரை வருமே? நித்திரை இல்லாமல் போய் ஒரு நோயாளிக்கு மருந்தை மாத்திக் குடுத்தால்?"

"அப்ப என்ன செய்யப் போறீங்க அன்ரி?"

"யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேக்கப்போறன். அங்க எங்கட வீடு இருக்கு."

கஜாலினி பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள். பென்சிலில் சீவ இனி அதிகம் மிச்சமில்லை.

மறுநாள் அபீபா கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண்மணி சேலை ஒன்றை எடுத்தார். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்த்தார். கையால் கசக்கினார். நூலை நகத்தால் கீறினார். அதற்குப் பிறகுதான் விலை கேட்டார்.

அவர் போனதும் அபீபா கேட்டாள். "வாப்பா, இவங்க ஏன் வாசலுக்குக் கொண்டு போனாங்க?"

"கடை லைட்டுல எல்லாச் சேலையும் அழகு. வெளிச்சத்துலதான் சரக்குத் தெரியும். பாக்காம விலை பேசுறவன் மடையன்."

"அப்ப நேத்து நீங்க எந்தச் சரக்கப் பாத்து ஐயாயிரம் பேசினீங்க? போன்ல கேட்டதையா?"

றிஸ்வி அளவு நாடாவைச் சுருட்டினார். பிறகு விரித்தார். மறுபடியும் சுருட்டினார்.

"அந்த இன்ஜினியர்ட நம்பர் எங்க?" என்றார்.

அடுத்த சனிக்கிழமை பகல், வயலோரத்தில் ஒரு சிறிய லொறி வந்து நின்றது. அதன்மேல் இசை நிகழ்ச்சிக்கு வைக்கும் பெரிய ஸ்பீக்கர். பெட்டிகள் வரவிருக்கும் அதே இடம், பெட்டிகள் போடவிருக்கும் அதே சத்தம். தினுஷன் ஒரு மீட்டரோடு வந்தார்.

மங்களேஸ்வரி அன்ரி கண் சிவந்து வாசலில் நின்றார். ராவு டியூட்டி முடிந்து வந்தவர் இன்னும் படுக்கவில்லை. "செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ," என்றார்.

"சத்தம் உள்ள எவ்வளவு வருதுன்னு மீட்டர் காட்டும்," என்றார் தினுஷன்.

"மீட்டர் நித்திரை கொள்ளுமா?" என்று அபீபா கேட்டாள்.

"கொள்ளாதும்மா."

"எங்கட வாப்பா கொள்ளுவார்."

அது பிலிமத்தலாவை முழுவதும் அறிந்த செய்தி. பகல் சாப்பாடு முடிந்தால் றிஸ்விக்கு உலகமே இல்லை. கடை நிறைய ஆட்கள் நின்றபோதும் துணிக்கட்டில் சாய்ந்து உறங்கியிருக்கிறார்.

அன்ரி அவருக்குச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டார். றிஸ்வி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டு, சாய்மனைக் கதிரையில் நீட்டி நிமிர்ந்தார். "தொடங்குங்க," என்றார்.

ஸ்பீக்கர் உறுமியது. தேனீ போத்தலை விட்டு வெளியே வந்து யானையாகிவிட்டது. ஜன்னல் கண்ணாடி மெல்ல நடுங்கியது. றிஸ்வி இடப்பக்கம் திரும்பினார். வலப்பக்கம் திரும்பினார். லேன்சித் துணியை முகத்தில் போட்டார், எடுத்தார். கடைசியில் எழுந்து உட்கார்ந்தார்.

தினுஷன் மீட்டரைப் பார்த்தார். "சட்டம் சொல்ற அளவுக்குள்ளதாங்க இருக்கு."

"சட்டத்துக்கு நித்திரை வரும் போல," என்றார் றிஸ்வி. "எனக்கு வரல்ல."

தினுஷனின் முகம் சுருங்கியது. "இங்க சரிவரலன்னா கடுகண்ணாவப் பக்கம்தான் இடம் தேடணும். அங்கயும் யாராவது தூங்குவாங்க."

"இன்னொருக்கப் பாப்போம்." றிஸ்வி பிடிவாதமாக மறுபடியும் சாய்ந்தார். சாப்பிட்ட குழம்புக்குத் துரோகம் செய்ய அவருக்கு மனமில்லை.

அந்த நேரம் வயல் பாதையில் ஒரு கை டிராக்டர் வந்தது. லொறி வழியை மறித்து நின்றது. டிரைவர் லொறியை முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்து, திருப்பி ஓரமாக விட்டார்.

கொஞ்ச நேரத்தில் வேறொரு சத்தம் கேட்டது. அது ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை.

"அங்கிள் குறட்டை விடுறார்," என்று கஜாலினி மெதுவாகச் சொன்னாள்.

"ஸ்பீக்கர நிப்பாட்டிட்டாங்களா?" தினுஷன் வெளியே போகப் பார்த்தார்.

அபீபா ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். ஸ்பீக்கர் நிற்கவில்லை. அது இப்போது வயலைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தது. இரண்டு கொக்குகள் எரிச்சலோடு எழுந்து வேறு வயலுக்குப் போயின.

"சேர், உங்கட பெட்டிகளுக்கும் விசிறி ஒரு பக்கம்தானா?" என்று அபீபா தினுஷனிடம் கேட்டாள்.

"ஒரு பக்கந்தான்."

"எந்தப் பக்கம்?"

தினுஷன் வரைபடத்தைத் தரையில் விரித்தார். பார்த்தார். தலையைச் சொறிந்தார். "பாதைப் பக்கம். அப்படின்னா… இந்த வீட்டுப் பக்கம்."

"ஏன்?"

"இது வேற ஊருக்குப் போட்ட பிளான்மா. அங்க பாதைக்கு எதிர்ல வீடு இல்ல. அப்படியே இங்க கொண்டாந்துட்டோம்."

"திருப்ப ஏலாதா?"

தினுஷன் யோசித்தார். "இன்னும் பேப்பர்லதானே இருக்கு. திருப்பலாம்."

"எத்தின பெட்டி?"

"எட்டு."

"எட்டையும் திருப்புங்க."

"எட்டுமா? ஒரு நாலு பாக்கலாம்."

அபீபா எழுந்து செருப்பைத் தேடினாள். கடையில் அவள் ஆயிரம் தரம் பார்த்த வித்தை அது. சேலையைப் போட்டுவிட்டு வாசல்வரை நடக்கிறவர்களைத்தான் வியாபாரி திரும்பக் கூப்பிடுவார்.

"இரும்மா, இரும்மா. ஆறு."

அபீபா ஒரு செருப்பைப் போட்டாள்.

"ஏழு. அதுக்கு மேல முடியாது. எட்டாவதுக்குப் பின்னாலதான் தீயணைப்பு வண்டி வர்ற வழி. அதத் திருப்பினா விசிறி வழிய அடைச்சிரும். இது பேரம் இல்லம்மா, பாதுகாப்பு."

அசல் விலைக்கு வந்துவிட்ட வியாபாரியின் முகம் அபீபாவுக்குத் தெரியும். அவள் செருப்பைக் கழற்றினாள்.

"சரி, ஏழு. எட்டாவதுக்கு முன்னால ஒரு சுவர்."

"கேட்டுப் பாக்குறேன்," என்றார் தினுஷன்.

"பேரம் முடிஞ்சதே?" மங்களேஸ்வரி அன்ரி கொட்டாவி விட்டார். "ஸ்பீக்கர் அந்தப் பக்கமே பாத்துக்கொண்டு கத்தட்டும். நான் படுக்கப்போறன். எல்லாரும் போங்கோ."

எல்லோரும் போனார்கள், றிஸ்வியைத் தவிர. அவரை எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. லொறிக்காரர் நாலு மணிவரை ஸ்பீக்கரைப் போட்டார். நாலு மணிவரை அறைக்குள் அன்ரியும் கூடத்தில் றிஸ்வியும் உறங்கினார்கள்.

எழும்பி வந்த அன்ரி தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். "கஜா, யாழ்ப்பாணத்துப் பெரியம்மாவுக்குப் போன் எடுத்துச் சொல்லு. நாங்கள் வரேல்லை எண்டு."

கஜாலினி போனைத் தேடி வீட்டுக்குள் ஓடினாள். வழியில் சாய்மனைக் கதிரை தட்டுப்பட்டு, றிஸ்வி ஒருவழியாக விழித்தார்.

சில நாட்களில் புதிய பிளான் வந்தது. விசிறிகள் வயலைப் பார்த்திருந்தன, ஒன்றைத் தவிர. சுவரைக் காணவில்லை. மேலிடத்தில் கேட்டிருப்பதாகத் தினுஷன் சொன்னார். அபீபா வாப்பாவின் போனை வாங்கி, சனிக்கிழமைதோறும் தினுஷனை நலம் விசாரிக்கிறாள். சுவரையும் விசாரிக்கிறாள்.

ஆக, இன்றைய தேதிக்குக் கணக்கு இதுதான்: கேட்டது எட்டு, திரும்பியது ஏழு, ஊரை விட்டுப் போகாமல் நின்றது ஒரு கஜாலினி, வரவேண்டிய பாக்கி ஒரு சுவர்.