மூன்றாவது மாடி, இடது பக்கக் கதவு

ராத்திரி டூட்டி முடிந்து வந்து அப்பாவின் தலையணையை உதறியபோது மாத்திரைகள் உதிர்ந்தன. அவளே தினமும் எடுத்துக் கொடுத்த பிரஷர் மாத்திரைகள், பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஒவ்வொன்றும் ஓரம் கரைந்து, எச்சில் காய்ந்து கிடந்தது.

“ஏம்ப்பா முழுங்கல?”

ஜன்னலோர நாற்காலியில் அப்பா போனைவிட்டுத் தலை தூக்கவில்லை. “நீ குடுத்ததுதானே,” என்றார்.

அவள் குழந்தைகள் வார்டில் நர்ஸ். அப்பா அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர். ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போனாலும் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஓய்வு பெற்ற மனுஷனுக்குப் பொழுது போகட்டும் என்று அந்தப் போனை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

அவர் குளியலறைக்கு எழுந்து போனதும் எடுத்துப் பார்த்தாள். நாற்காலியின் சூடு ஏறியிருந்த போனிலிருந்து, யார் முகம் வந்தாலும் ஒரே கரகரத்த குரல் பேசிக்கொண்டிருந்தது: ஆஸ்பத்திரி வராந்தா, ஊசி, அழுகிற தாய், போர்த்தப்பட்ட சின்ன உடல், மறுபடி ஊசி. விரலை நகர்த்த நகர்த்த, குழந்தைகளைக் கொல்லும் நர்சுகள் வந்துகொண்டே இருந்தார்கள். என்றோ இப்படி ஒரு வீடியோவைக் கடைசிவரை பார்த்திருப்பார். போன் பத்தைக் கொடுத்திருக்கும். பத்தையும் பார்த்ததும் நூறு. அவருக்கு எங்கே பயம் என்று தடவிக் கண்டுபிடித்து, அதே இடத்தில் குத்திக் குத்திப் புண்ணாக்கியிருந்தது. பாவி! அவர் கண்ணை எடுக்காமல் இருந்தால் போதும், எவன் குடி கெட்டால் அதற்கென்ன?

ஒரு வீடியோவில் முகக்கவசம் போட்ட யாரோ ஒரு நர்ஸ். கீழே அப்பாவின் கமெண்ட்.

“இவளை எனக்குத் தெரியும். என் வீட்டில்தான் இருக்கிறாள்.”

ஒரு பிழை இல்லை. புள்ளிகூடச் சரியாக இருந்தது.

எங்கே, எங்கே என்று நூற்றுக்கணக்கானவர்கள் கேட்டிருந்தார்கள். தெருப் பெயரையும் கட்டட எண்ணையும் எழுதியிருந்தார். கடைசியாக: “மூன்றாவது மாடி, இடது பக்கக் கதவு. காலை ஆறரைக்கு வந்துவிடுவாள்.”

மணி ஆறு நாற்பது.

கீழே தெருவில் பைக்குகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. எஞ்சின்கள் அணைந்தன. பேச்சே இல்லை. எதிர்வீட்டில் யாரோ மெல்லத் தாழ் போட்டுக்கொண்டார்கள். ஒரு தாழ். இன்னொரு தாழ்.

போன் கையிலிருந்து நழுவியது. வெளியே வந்த அப்பா குனிந்து எடுத்தார். கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று பார்த்துச் சட்டை நுனியால் துடைத்தார்.

“அப்பா, நான் உங்க பொண்ணுப்பா. ராத்திரி முழுக்கக் கண்ணு முழிச்சு அந்தப் பிள்ளைங்களைப் பார்த்துக்கறவப்பா!”

“என் பொண்ணா இருந்தவதான்.” அவர் கண்கள் நிறைந்திருந்தன. “எல்லாத்தையும் பார்த்துட்டேன்மா.”

“யாரோ சொல்றதை நம்புவீங்க, என்னை நம்பமாட்டீங்களா?”

“ஒருத்தர் ரெண்டு பேரா சொல்றாங்க?”

படிக்கட்டில் காலடிகள். முதல் மாடி.

அவள் போலீஸை அழைக்க, தன் போன் இருந்த பையைத் தேடினாள். வைத்த இடத்தில் இல்லை.

இரண்டாவது மாடி. வியர்வை வாடை. பெட்ரோல்.

பின்பக்கப் படிக்குப் போகும் சமையலறைக் கதவு பூட்டியிருந்தது. சாவி இல்லை.

அப்பா வாசலுக்கு நடந்தார். அவரே. அவசரமில்லாமல். தாழ்ப்பாளை விலக்கினார்.

இருட்டுப் படிக்கட்டு முழுக்க, கீழே வளைவுவரை, போன் வெளிச்சங்கள். அவற்றுக்குப் பின்னால் முகங்களே தெரியவில்லை.

அப்பா அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். தன் போனையும் அவளை நோக்கி உயர்த்தினார். அவளைச் சின்ன வயதில் போட்டோ எடுக்கும்போது சொல்வாரே, அதே கனிந்த குரலில் சொன்னார்:

“கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பும்மா. முகம் சரியா விழல.”